மார்க் குறைந்தால் மனுவும் போடக் கூடாதா?

(தோட்டக் கிளைச் சங்கம் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில், ஆபீஸ் கிராணியும் சங்க ஊழியருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குத் தரப்பட்ட பொருள், தங்கும் விடுதிப் பள்ளிகளுக்கு மனுச் செய்வது பற்றியது. நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பற்றி நான் பேசப் போவதில்லை என்று தலைவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் இருக்கிறார், பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது, தேர்தல் சமயமாக இருந்தால் மாலை போடவும் ஆட்கள் வருவார்கள். மார்க் அட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிறாரே ஒரு தகப்பன், அவருக்காகவே இன்று பேச வந்தேன். அப்படி ஒரு தகப்பனை ஒரு முறை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

2013-ஆம் ஆண்டு. நான் கிராணி வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பால் வெட்டிக்கொண்டிருந்த தோழர் ஒருவர், சம்பள நாள் கூட்டம் கலைந்த பிறகு ஆபீஸ் சன்னலுக்கு வந்தார். மகன் ஆறாம் ஆண்டு. "ஐயா, அஸ்ராமா பள்ளிக்குக் கம்ப்யூட்டரில்தான் மனுப் போடணுமாம். நமக்கு அது தெரியாது. நீங்க கொஞ்சம் பார்த்துச் செய்யணும்" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். கணிதம் நன்று. தமிழ் நன்று. மலாய் ஐம்பதைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. ஆங்கிலம் அதற்கும் கீழே. "அண்ணே, இந்த மார்க்குக்கு அது கிடைக்காது. வீண் அலைச்சல்" என்று சொல்லி அட்டையை நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. "சரிங்க ஐயா" என்று வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எல்லாம் இரண்டு நிமிஷ வேலை.

நான் சொன்னது பொய்யல்ல, தோழர்களே. அந்த நாளில் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஏ இல்லாமல் முழு விடுதிப் பள்ளிக்குள் நுழைவது அரிது. ஆனால் நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் தேடிப் பார்க்கவில்லை. பையன் சேர வேண்டிய டவுன் இடைநிலைப்பள்ளியிலேயே ஒரு விடுதி இருந்தது. அரசாங்கத்தின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் இப்படி விடுதி உண்டு. அங்கே முதலில் பார்ப்பது மார்க்கை அல்ல. வீடு எவ்வளவு தூரம், வீட்டு வருமானம் எவ்வளவு என்பதைத்தான். இந்த இரண்டிலும் அந்தப் பையனை முந்த மாவட்டத்தில் ஆள் கிடைத்திருக்காது. அதற்கு வேண்டியது ஒரு பாரமும் தகப்பனின் சம்பளச் சீட்டும். சம்பளச் சீட்டை அச்சடிக்கிறவனே நான்தான்!

பையன் விடியற்காலை ஐந்து மணி வேனில் போனான். மாலை நாலரைக்குத் திரும்பினான். வேன் கெட்டால் இரண்டு நாள் பள்ளி இல்லை. மூன்றாம் படிவத்தில் ஒரு நாள் வேனுக்கு எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. இன்று செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை லோரியில் போகிறான். அந்த வேலை இழிவென்று சொல்ல வரவில்லை. உழைப்பாளிகளின் சங்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்ல என் நாக்கு எழாது. ஆனால் அந்த லோரியை அவன் விரும்பி எடுக்கவில்லை. அவன் தகப்பன் இன்றும் மாதா மாதம் என் சன்னலுக்கு வருகிறார். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நம்மவர்கள் ஏன் "சரிங்க ஐயா" என்று திரும்பிப் போய்விடுகிறோம்? அதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் கொண்டுபோய் நட்டார்கள். அதே கோலகங்சாரில் 1905-இல் மலாய்க் கல்லூரி எழுந்தது. அரச குடும்பத்துப் பிள்ளைகளும் பிரபுக்களின் பிள்ளைகளும் தங்கிப் படித்து அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். அந்த மரத்தில் பால் வெட்ட வந்த நம் பாட்டன் பூட்டன்களின் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்துக்காரர் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் பிள்ளை மடுவமும் பள்ளிக்கூடமும் ஒரே கொட்டகையில் நடந்தன. விடுதிப் பள்ளி என்றாலே அது வேறு யாருக்கோ என்ற எண்ணம் மூன்று தலைமுறையாக நம் எலும்பில் ஊறிவிட்டது. துரை பங்களாவின் வாசற்படியைப் போல, யாரும் தடுக்காவிட்டாலும் நாமே ஏறுவதில்லை.

இப்போது விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் எடுக்கப்பட்டது. மூன்றாம் படிவத்து பி.டி.3 தேர்வு 2022-இல் போயிற்று. கல்வி அமைச்சு தன் விடுதிப் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு நுழைவு மதிப்பீடு வைக்கிறது, சுருக்கமாக பி.கே.எஸ்.கே. என்பார்கள். கம்ப்யூட்டரில் எழுதுவது. பிள்ளையின் மனப்பாங்கைப் பார்க்க ஒரு பகுதி, புத்திக்கூர்மையைப் பார்க்க ஒரு பகுதி, சொந்தமாக எழுதச் சொல்லும் பகுதியும் உண்டு. மாராவின் எம்.ஆர்.எஸ்.எம். கல்லூரிகளுக்கு வேறு மனு, வேறு சோதனை. அங்கே 2002 முதல் நூற்றுக்குப் பத்து இடம் பூமிபுத்ரா அல்லாத பிள்ளைகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பத்து போதுமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதைப் பேச வேறு மேடை உண்டு, அங்கே நானும் பேசுவேன். ஆனால் இருக்கிற பத்துக்கே மனுப் போடாதவன் பதினைந்து கேட்டால் யார் காது கொடுப்பார்கள்?

இதனால் மார்க் குறைந்த பிள்ளைக்குக் கதவு அகலத் திறந்துவிட்டதென்று யாரும் துள்ள வேண்டாம். போட்டி கடுமையானது. நம் பிள்ளைக்குப் பெரிய இடறல் மலாய். கேள்விகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கணக்குத் தெரிந்த பிள்ளை, கேள்வியின் மொழி புரியாமல் கோட்டை விடுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். மலாய் போதாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து பிறகு முதல் படிவம் போகிறது. விடுதிப் பள்ளியிலோ நேராக முதல் படிவம். அந்த ஒரு வருஷ அவகாசம் கிடைக்காது. நான் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தவன். முதல் மூன்று மாதம் ஆசிரியர் சிரித்தால் நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாது. ஆகையால் மனுப் போட்ட அன்றே வீட்டில் மலாய்ப் பத்திரிகை ஒன்று வாங்க ஆரம்பியுங்கள். தினம் ஒரு செய்தியைப் பிள்ளை உரக்கப் படித்து, தமிழில் உங்களுக்குக் கதையாகச் சொல்லட்டும். உங்களுக்கு மலாய் எழுத்து வராவிட்டாலும் பாதகமில்லை. கதை கோணலாக இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை தேர்ச்சி நிலை போடுகிறார்கள். மூன்று என்று வந்தால் பெற்றோர் மனம் உடைகிறது. பிள்ளை போன வருஷம் எதில் இருந்தது என்று ஏன் கேட்பதில்லை? இரண்டிலிருந்து நாலுக்கு ஏறிய பிள்ளையும், ஆறிலிருந்து நாலுக்கு இறங்கிய பிள்ளையும் ஒன்றல்ல. நேர்முகம் வைக்கிற பள்ளியில் இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். மார்க் குறைந்ததற்குக் காரணம் இருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தம்பியை நான்தான் பார்த்துக்கொண்டேன் என்பது காரணம். ஆசிரியர் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது காரணமல்ல. உண்மையாகவே இருந்தாலும் அந்த இடத்தில் அது எடுபடாது.

போன மாதம் நம் பிள்ளைகள் சிலரை உட்காரவைத்து, நேர்முகம் போல ஒரு பயிற்சி நடத்தினோம். "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடுகிறார்கள்: டாக்டராக வேண்டும், நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும். மனப்பாடம். ஒரு பெண் பிள்ளை அதைக்கூடச் சொல்ல வராமல் விழித்துக்கொண்டு நின்றது. கணிதத்தில் நடுத்தரம், மலாயில் அதற்கும் கொஞ்சம் கீழே. "சரி, பள்ளி விட்டு வந்து என்னம்மா செய்வே?" என்று கேட்டேன். அப்பாவின் பால் கணக்கை எழுதுவேன் என்றது. நோட்டை எடுத்துவரச் சொன்னேன். தோழர்களே, நான் கிராணி. நோட்டுப் பார்த்தே கண் பூத்தவன். அந்தப் பிள்ளையின் நோட்டில் தினசரி நிறுவை இருக்கிறது, மெட்ரோலாக் பார்த்துச் சொன்ன அளவு இருக்கிறது, அதிலிருந்து உலர்ந்த ரப்பர் எத்தனை கிலோ என்ற கணக்கு இருக்கிறது, ஒட்டுப்பால் தனியாக இருக்கிறது. மழை நாளில் அளவு ஏன் இறங்குகிறது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. இரண்டு இடத்தில் ஆபீஸ் கணக்கோடு ஒத்துப் போகவில்லை என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. ஒத்துப் பார்த்தேன். ஒன்றில் தவறு அந்தப் பிள்ளையுடையது. மற்றொன்றில் தவறு என்னுடையது.

பரீட்சைத் தாளில் சதவீதக் கணக்கில் தடுமாறுகிற பிள்ளை இது! இந்த நோட்டைப் பற்றி மலாயில் ஐந்து வாக்கியம் சொல்லக் கற்றுக்கொடுத்தோம். டாக்டர் பாட்டை விட்டுவிடு என்றோம். எழுதச் சொல்லும் பகுதியிலும் இதையே எழுது; தலைப்பு எதுவானாலும் உனக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து ஆரம்பி என்று சொல்லியிருக்கிறோம். கிடைக்குமா என்றால், எனக்குத் தெரியாது. ஆனால் கேட்கிறவர் காதில் நூற்றோடு நூற்றொன்றாக விழாது.

பெற்றோர்களே, பெரிய பள்ளிக்கு ஒரு மனுவோடு நின்றுவிடாதீர்கள். கூடவே பக்கத்து டவுன் பள்ளியின் விடுதிக்கும் கேளுங்கள். 2013-இல் நான் மறந்தது இதைத்தான். முதல் படிவத்தில் கிடைக்காவிட்டால் நான்காம் படிவத்தில் மறுபடியும் கதவு திறக்கிறது. வொக்கேஷனல் கல்லூரிகள் அப்போதுதான் பிள்ளைகளை எடுக்கின்றன. விடுதி உண்டு, கைத்தொழிலோடு டிப்ளோமா வரைக்கும் போகலாம். புத்தகத்தில் மந்தமாக இருந்து மோட்டாரைப் பிரித்துப் போடுகிற பையனுக்கு அதுவே முதல் மனுவாக இருக்கட்டும், மூன்றாவதாக வேண்டாம். சுங்கை பீசியில் இருக்கும் அரச இராணுவக் கல்லூரியும் நான்காம் படிவத்துக்குப் பையன்களை எடுக்கிறது. 1952-இல் ஏற்பட்டது, எல்லா இனத்துப் பிள்ளைகளும் படித்த இடம். படிப்போடு உடல் வலுவையும் பேச்சையும் நடத்தையையும் சோதிப்பார்கள். காலையில் நாலு மைல் ஓடிவிட்டுப் பள்ளிக்குப் போகிற பையன்கள் நம் லயத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஓட்டத்தைப் பள்ளியின் புறப்பாடப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். பதிவில் ஏறாத ஓட்டம் வெறும் வியர்வை.

மறுத்துப் பதில் வந்தால் முழு விடுதிப் பள்ளிகளுக்கு மேல்முறையீடு உண்டு, ராயுவான் என்பார்கள். அதற்கும் தேதி இருக்கிறது. கடிதம் வந்த துக்கத்தில் ஒரு வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி, என் தொழிலைப் பற்றிப் பேசுகிறேன். மார்க்கால் தள்ளுபடியாகும் மனுவைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். காகிதத்தால் தள்ளுபடியாகும் மனுவைப் பற்றிப் பேசுவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் ஒரு பெயர். தகப்பன் அடையாளக் கார்டில் பழைய தோட்டத்து விலாசம். சம்பளச் சீட்டு என்று ஓவர்டைம் அதிகம் வந்த ஒரே ஒரு மாதத்துச் சீட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வருமானம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை வாங்குகிற குடும்பம் அதைத்தான் காட்ட வேண்டும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். எத்தனை மாதச் சீட்டுக் கேட்டாலும் என்னிடம் வாருங்கள், அச்சடித்துத் தருகிறேன்.

இன்னொரு சங்கதி, மெதுவாகச் சொல்ல வேண்டியது. பத்திரமே சரியில்லாத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். தாய்க்குக் குடியுரிமை இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணம் பதிவாகவில்லை. பிள்ளை தகப்பனின் குடியுரிமையை அடைய முடியாமல் நிற்கிறது. ஆறாம் ஆண்டில் மனுப் போடும் வேளையில்தான் இது வெளியே வருகிறது. அப்போது பன்னிரண்டு நாளில் தீர்க்க முடியாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அது முதலாம் ஆண்டில் இருந்தாலும் சரி, இந்த வாரமே சங்கத்துக்கு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தேசியப் பதிவு இலாகாவுக்குக் கூட வருவதற்கு ஆள் இருக்கிறோம்.

சிலர் காரில் வந்து, "ஐந்நூறு கொடுங்கள், இடம் வாங்கித் தருகிறேன்" என்கிறார்கள். விடுதிப் பள்ளி இடம் சந்தையில் விற்கிற மீன் அல்ல. காசு கொடுத்த பிறகு அந்தக் காரையும் காண மாட்டீர்கள். மார்க் அட்டையைத் திருத்தித் தருகிறேன் என்றும் ஒருவன் வந்ததாகக் கேள்வி. அவன் மறுபடி வந்தால் தலைவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

எல்லாப் பிள்ளையையும் அனுப்பத்தான் வேண்டுமா? வேண்டாம். போக மாட்டேன் என்று அழுகிற பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள். பன்னிரண்டு வயது சின்ன வயது. விடுதியில் நம் பிள்ளை ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். சாப்பாடு வேறு, பேச்சு வேறு. தீபாவளிக்கு வீடு வர பஸ் பிடிக்க வேண்டும். மாட்டிறைச்சி சேர்க்காத பிள்ளை, மரக்கறி மட்டும் சாப்பிடுகிற பிள்ளை என்றால் சேருமுன்பே வார்டனிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். பெண் பிள்ளையை வெளியே விட மாட்டேன் என்கிற தகப்பன்மாருக்கு ஒன்று கேட்கிறேன்: இருட்டில் ஐந்து மணிக்கு ரோட்டோரம் வேனுக்கு நிற்க விடுகிறீர்களே, பூட்டிய கேட்டும் வார்டனும் உள்ள விடுதி அதைவிட ஆபத்தா? நேரில் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் நான் வாதாட மாட்டேன். ஆனால் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த நோட்டுக்காரப் பிள்ளையின் தகப்பன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டு. அண்ணே, குற்றம் சொல்லவில்லை. உங்கள் கணக்கை எழுத ஆள் இல்லாமல் போகும் என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் எழுதித் தருகிறேன்.

இன்னும் ஒரு காரணமும் இருக்கிறது. மூன்றாம் டிவிஷன் நிலம் கைமாறுகிறது என்பதை நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கும் நஷ்ட ஈட்டுக்கும் சங்கம் பேசிக்கொண்டிருக்கிறது. அது ஒரு மாதத்திலும் முடியலாம், ஒரு வருஷமும் இழுக்கலாம். வேலை போனால் லயமும் போகும் என்பது நமக்குப் புதிதல்ல. தோட்டம் தோட்டமாக மாறியபோது நம் பிள்ளைகள் பள்ளி பள்ளியாக மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் மார்க் இறங்கியது. நாம் எங்கே மூட்டை கட்டினாலும் விடுதியில் இருக்கிற பிள்ளையின் படிப்பு அதே வகுப்பில், அதே மேசையில் நடந்துகொண்டிருக்கும்.

கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கடைசி மூன்று நாளில் கம்ப்யூட்டர் திணறும், அதை நம்பாதீர்கள். இன்று முதல் தினமும் மாலை ஐந்தரைக்குப் பிறகு இந்த மண்டபத்தில் நானும், இளைஞர் பகுதித் தோழர்கள் இருவரும், தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரும் இருப்போம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளி கொடுத்த மதிப்பீட்டு அட்டை, விளையாட்டு நற்சான்று ஏதேனும் இருந்தால் அது, எல்லாம் எடுத்து வாருங்கள். சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தால் கரையான் பார்த்து எடுங்கள். மார்க் அட்டையை மடிக்காமல் கொண்டு வாருங்கள். படம் பிடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது.

மேசை அந்தப் பக்கம் போட்டாயிற்று. தூரத்து டிவிஷன்காரர்கள் முதலில் வரட்டும், லோரி ஏழு மணிக்குக் கிளம்பிவிடும்.